கட்டில் எங்கே?

நம் நாட்டில் நாலு பேர் சேர்ந்து, "ஜனங்களுக்கு ஒரு நல்ல தொழிலைக் கற்றுக் கொடுப்போம்" என்று தீர்மானித்துவிட்டால், அவர்கள் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? ஒரு கரும்பலகை வாங்குவது. இரண்டாவது காரியம், அதற்கு எதிரே வரிசையாகப் பெஞ்சு போடுவது. மூன்றாவது, பெஞ்சில் உட்காருகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் செய்வது. இந்த மூன்றும் நடந்தேறிவிட்டால் கல்வி ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். சமையலானாலும் சரி, தச்சு வேலையானாலும் சரி, நோயாளிக்குப் பணிவிடை செய்வதானாலும் சரி, கரும்பலகைக்குத் தெரியாத வித்தை உலகத்தில் கிடையாது என்பது நம்முடைய அசைக்க முடியாத நம்பிக்கை. இப்போது காலம் முன்னேறிவிட்டது. கரும்பலகை இருந்த இடத்தில் வெள்ளைத் திரை தொங்குகிறது. சாக்பீஸ் பிடித்த கையில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. பெஞ்சும் சட்டமும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இந்த நம்பிக்கையோடுதான் இன்று நான் சண்டைக்கு வந்திருக்கிறேன். வயதானவர்களையும், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களையும் பார்த்துக்கொள்ள ஆட்களைத் தயார் செய்கிறோம் என்று ஊருக்கு ஊர் வகுப்புகள் நடக்கின்றனவே, அவற்றைப் பற்றித்தான் பேச்சு.

"கதை எழுதுகிறவருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் வைத்தியம் படித்தவனல்ல. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் என்னை உட்காரவைக்க யாராலும் முடியவில்லை. ஆனால் இன்னொரு மனிதனின் தோலுக்குள் புகுந்து, அவனுக்கு எங்கே வலிக்கும், எதற்குக் கூசும் என்று கண்டுபிடிப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. நோயாளியின் கட்டிலருகே நிற்கிறவளுக்கு வேண்டிய முதல் வித்தையும் அதுதான். அந்த உறவு முறையில் எனக்கும் இரண்டு வார்த்தை பேசப் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் விஷயத்தின் பெருமானத்தைப் பார்ப்போம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் அறுபது வயதை எட்டியவர்கள் 10 கோடிக்கும் அதிகம். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். அதன் பிறகு இந்தத் தொகை ஏறியிருக்குமே தவிர இறங்கியிருக்காது. பிள்ளை ஒரு கண்டத்தில், பெண் ஒரு கண்டத்தில், தகப்பனார் மாம்பலத்தில் மூன்றாவது மாடியில் என்று குடும்பங்கள் சிதறிவிட்டன. பக்கவாதம் வந்தவருக்கும், ஞாபகம் தப்பிப் போனவருக்கும், இடுப்பு எலும்பு முறிந்தவருக்கும் இரவு பகலாகத் துணை வேண்டியிருக்கிறது. சர்க்காரும் இதை உணராமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வலி தணிக்கும் பராமரிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் நோயாளியின் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகப் புறப்பட்டது. ஆக, ஆட்கள் வேண்டும்; அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். இதில் எனக்கும் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு, அந்தப் பயிற்சிக்கு வந்து உட்காருகிறவர்களை நாம் யாரென்று நினைக்கிறோம் என்பதில்தான். வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். முப்பத்தைந்து, நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். புருஷனை இழந்தவர்கள் உண்டு. இழக்காமலே இழந்தவர்கள் அதைவிட அதிகம். எட்டாவதோ பத்தாவதோ படித்திருப்பார்கள். ஆனால் மூன்று பிள்ளை பெற்று வளர்த்திருப்பார்கள். மாமியாருக்கு மலம் அள்ளியிருப்பார்கள். தகப்பனாரின் கடைசி மூச்சைப் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பார்கள். இப்பேர்ப்பட்டவர்களை நாம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைப் போலப் பெஞ்சில் உட்காரவைத்து, "எழுதிக்கொள்ளுங்கள்" என்கிறோம்!

ஒரு ஜில்லாத் தலைநகரில் நடந்த வகுப்பு ஒன்றில் ஒரு நாள் முழுவதும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். எல்லா ஊரிலும் கதை ஒன்றுதான். பாடம் நடத்தியவர் இளம்பெண், நர்ஸ் படிப்புப் படித்தவர், கெட்டிக்காரி. அவர்மீது எனக்குக் கோபமே இல்லை. அவருக்கு எப்படிக் கற்றுக் கொடுத்தார்களோ, அப்படியே அவரும் கற்றுக் கொடுத்தார். அன்றையப் பாடம் 'ஆஸ்பிரேஷன்'. "ஆஸ்பிரேஷன் என்பது உணவு அல்லது திரவம் சுவாசப் பாதையினுள் நுழைதல் ஆகும்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முப்பது பேர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்கள். இரண்டாவது பெஞ்சில் நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, இன்னும் முதல் வரியிலேயே இருக்கீங்க?"

"கண்ணாடி கொண்டாரலே, டீச்சர்."

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அந்த அம்மாளும் சேர்ந்து சிரித்தாள். அவமானப்பட்ட ஏழைகள் வேறென்ன செய்வார்கள்?

மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஆஸ்பிரேஷன் என்றால் என்னம்மா?" என்று கேட்டேன்.

"நோட்டிலே இருக்கு, சார். பார்த்துச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். புரையேறுவது என்றால் என்ன?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அது தெரியாதா, சார்? எங்க மாமியார் வாதம் வந்து ஏழு வருஷம் கெடந்தாங்க. கஞ்சி தண்ணியா இருந்தா சட்டுனு புரையேறிடும். கொஞ்சம் கெட்டியாக் குழைச்சுக் குடுத்தா எறங்கும். சில நாள் இருமவே மாட்டாங்க. ஆனா குரலு மட்டும் கொழகொழன்னு மாறிப் போகும். அப்பவே நிறுத்திடுவேன்."

இருமல் இல்லாமலே ஆகாரம் மூச்சுக்குழலில் இறங்கிவிடுவது பக்கவாத நோயாளிகளுக்கு நேரக்கூடிய பெரிய அபாயம். ஈரக்குரல் அதற்கு ஓர் அடையாளம். காலையில் சொன்ன நோட்டுப் பாடத்தில் இந்த இரண்டும் இல்லை. வகுப்பிலேயே இதை அறிந்திருந்தவள், கண்ணாடி கொண்டுவராததற்காகச் சிரிப்புக்கு ஆளான அந்த அம்மாள்தான்!

கதை இங்கே முடிந்திருந்தால் நான் அவளைத் தெய்வமாக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நான் மேலும் கேட்டேன். "புரையேறினால் என்ன செய்வீர்கள்?" "உச்சந்தலையிலே தட்டுவேன், சார். யாரோ நெனைக்கிறாங்கன்னு சொல்லுவோம்." "எப்படி வைத்து ஊட்டுவீர்கள்?" "படுக்க வெச்சுத்தான். ஒக்கார வெச்சா ஒரு பக்கமாச் சாஞ்சிடுவாங்களே?"

பார்த்தீர்களா? அருமையான அறிவும் ஆபத்தான பிழையும் ஒரே வீட்டில் ஒண்டுக் குடித்தனம் செய்கின்றன. விழுங்கச் சிரமப்படுகிறவருக்குப் படுக்கவைத்து ஊட்டுவது பெருந்தவறு. முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, தலை பின்னால் சாயாமல் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் சுமார் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கவிட வேண்டும். உச்சந்தலையில் தட்டியதால் ஒரு பருக்கை கூட வெளியே வந்ததில்லை. இரும முடிந்தவரை இருமவிட வேண்டும். இருமவும் பேசவும் முடியாமல் மூச்சு அடைத்தால், முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே முதுகில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்ட வேண்டும்.

இதில் என் வாதம் என்னவென்றால், காலையில் சொல்லிக் கொடுத்த அந்த ஒரு வரி அவளுடைய அறிவையும் தொடவில்லை, பிழையையும் தொடவில்லை என்பதுதான். தாமரை இலைத் தண்ணீர்போல மேலே உருண்டு நோட்டுப் புத்தகத்தில் போய் விழுந்துவிட்டது. பரீட்சையில் அவள் அந்த வரியை எழுதிப் பத்து மார்க்கு வாங்குவாள். சர்ட்டிபிகேட்டும் வாங்குவாள். நாளைக்கு உங்கள் தகப்பனாருக்குப் படுக்கவைத்தே கஞ்சி ஊட்டுவாள்!

குழந்தையின் மனம் வெறும் பலகை, அதில் எதையும் எழுதலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது உண்மையோ பொய்யோ, நாற்பது வயதுப் பெண்ணின் மனம் நிச்சயமாக வெறும் பலகை அல்ல. அதில் ஏற்கெனவே நெருக்கமாக எழுதியிருக்கிறது. என்ன எழுதியிருக்கிறதென்று முதலில் படிக்காமல் மேலே எழுதுகிற உபாத்தியாயர், இரண்டு எழுத்தையும் கெடுக்கிறார். ஆகையால் பெரியவர்களுக்குப் பாடம் சொல்ல வருகிறவர் முதலில் பேச வேண்டியதில்லை, கேட்க வேண்டும். "உங்கள் வீட்டில் யாரைப் பார்த்துக்கொண்டீர்கள்? எப்படித் திருப்பிப் போட்டீர்கள்? எப்போது பயந்தீர்கள்?" இந்த மூன்று கேள்விக்கு ஒரு காலை நேரத்தைச் செலவழித்தால் அந்த வகுப்புக்குப் பாடத்திட்டம் தானே கிடைத்துவிடும்.

அடுத்தபடியாக, வாயால் சொன்னதைக் கையால் செய்யவைக்க வேண்டும். இதற்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் விடவும் கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள், ஆயாக்கள், கிராம சேவகிகள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். அவர்களுக்கு யாராவது 'சமநிலையின் ஏழு கோட்பாடுகள்' என்று நோட்ஸ் கொடுத்தார்களா? பின்னால் ஒருத்தி பிடித்துக்கொண்டு ஓடினாள், முன்னால் ஒருத்தி மிதித்தாள், விழுந்தாள், எழுந்தாள், பிறகு இன்னொருத்திக்குப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது சைக்கிள் விடுவதைவிடச் சுலபமான வித்தையா, திரையில் படம் காட்டியே சொல்லிக் கொடுத்துவிட?

பிரிட்டனில் அறுவை மருத்துவரான ரோட்னி பெய்ட்டன் 1998-ல் இதற்கு நாலு படியில் ஒரு முறை சொன்னார். முதலில் ஆசிரியர் வாய் பேசாமல், வழக்கமான வேகத்தில் காரியத்தை முழுக்கச் செய்து காட்ட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு படியையும் காரணம் சொல்லி மெதுவாகச் செய்ய வேண்டும். மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்ய வேண்டும். நாலாவதாகத்தான் மாணவர் தாமே சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். இதில் மூன்றாவது படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. உபாத்தியாயருக்குப் படிக்கிறவள் கட்டளையிடுகிறாள்! "முதல்லே சக்கர நாற்காலிக்குப் பிரேக் போடுங்க, டீச்சர். கால் வைக்கிற பலகையை மடக்குங்க. அவருக்கு வெளங்காத கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள் எறங்கிடும்" என்று அந்த நாற்பத்தாறு வயது அம்மாள் சொல்ல, இருபத்தைந்து வயது ஆசிரியை செய்ய வேண்டும். அவளுக்கு எங்கே தெரியவில்லை என்பது அப்போதே வெளிச்சமாகிவிடும். நோட்டுப் புத்தகத்தைத் திருத்தி இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கையால் செய்வதற்கு முன்னால் உடம்பால் அனுபவிப்பது என்று ஒன்றும் இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களே ஒரு நிமிஷம் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, உங்கள் உமிழ்நீரை விழுங்கிப் பாருங்கள். சிரமமாக இருக்கிறதல்லவா? இதற்குப் பிறகு, தலை சாயக் கூடாது என்பதை நீங்கள் மறக்கமாட்டீர்கள். வகுப்பில் ஒரு கட்டில் போட்டு, ஒவ்வொருத்தியையும் பதினைந்து நிமிஷம் மல்லாந்து அசையாமல் படுக்கச் சொல்லுங்கள். குதிகாலிலும் இடுப்புக்குக் கீழேயும் எப்படி உறுத்துகிறதென்று அவளே சொல்லுவாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஏன் விதி செய்தார்கள் என்பது அப்போது விளங்கும். சிவந்துபோன இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது வழக்கம். அடியிலே நொந்து கிடக்கும் சதையை அது இன்னும் நோகடிக்கும் என்பதும் விளங்கும். ஒருத்திக்கு இன்னொருத்தி ஊட்டட்டும். ஊட்டுகிறவள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்து அரட்டை அடிக்கட்டும். வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பது எத்தனை கேவலமான நிலை என்று அவளுக்கு ஆயுசுக்கும் நினைவிருக்கும்.

இந்த இடத்தில் சில பெரியவர்கள் எழுந்து நின்று, "அப்படியானால் சாஸ்திரமே வேண்டாமா? காரணம் தெரியாமல் செய்வது ஆபத்தில்லையா?" என்று கேட்பார்கள். சாஸ்திரம் கட்டாயம் வேண்டும். ஆனால் சாஸ்திரத்தைச் சொல்லிவிட்டாலே அது பரவிவிடும் என்று நினைப்பவர்கள், வியன்னா நகரத்து டாக்டர் செம்மல்வைஸின் கதையைப் படிக்க வேண்டும். பிரேதங்களைத் தொட்ட கையோடு பிரசவம் பார்ப்பதால்தான் தாய்மார்கள் ஜுரம் வந்து சாகிறார்கள் என்பதை 1847-ல் அவர் கண்டுபிடித்தார். குளோரின் கரைசலில் கை கழுவவைத்து, சாவைக் கணிசமாகக் குறைத்தும் காட்டினார். ஆனாலும் சக வைத்தியர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. "நீங்கள்தான் கொன்றீர்கள்" என்று அவர் பகிரங்கக் கடிதங்களில் அவர்களைத் திட்டித் தீர்த்தார். அவர்கள் மேலும் முறைத்துக்கொண்டார்கள். 1865-ல் ஒரு மனநோய் விடுதியில் அவர் இறந்து போனார். உண்மை முழுக்க அவர் பக்கம்தான் இருந்தது. கேட்கிறவன் வளர்ந்தவன், மானமுள்ளவன் என்பதை உண்மை மட்டும் தனியாக நின்று சமாளிக்க முடியவில்லை. டாக்டர்களுக்கே அப்படியென்றால், வகுப்பில் நாலு பேர் முன்னிலையில் தலைகுனியவைக்கப்பட்ட ஒரு ஏழைப் பெண், சோப்புப் போட்டு நாற்பது விநாடியாவது கை கழுவ வேண்டும் என்ற உபதேசத்தை மட்டும் பக்தியோடு கேட்பாளா?

"நேரம் இல்லை, பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும்" என்பது இன்னொரு சமாதானம். முடிப்பது யார், உபாத்தியாயரா, மாணவியா? உபாத்தியாயர் முடித்துவிடுகிறார் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

"இவர்கள் படிக்காதவர்கள், இவ்வளவுதான் முடியும்" என்பது மூன்றாவது சமாதானம். எல்லாவற்றிலும் பொல்லாதது இதுதான். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு சங்கம் பிறந்தது. 2001-ஐ ஒட்டி மலப்புறம் ஜில்லாவில் அண்டை அயலார் அமைப்பாக அது கிளைத்தது. மாணவர், வியாபாரி, கூலிக்காரர், வீட்டுப் பெண்கள் என்று சாதாரண ஜனங்கள் தொண்டர்களாகச் சேர்ந்து, அனுபவப்பட்டவர்களோடு வீடு வீடாகப் போய்ப் பழகிக் கற்றுக்கொண்டார்கள். 2008-ல் அந்த ராஜ்யத்து அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. அங்கே பாடசாலை நோயாளியின் வீடு. நமக்கு மட்டும் பெஞ்சு இல்லாமல் ஏன் பாடம் வரமாட்டேன் என்கிறது?

எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒரு ஆண்பிள்ளையின் உடம்பைத் துடைத்துவிட வேண்டியிருக்கும்போது ஒரு பெண்ணுக்கு என்ன கூச்சம் ஏற்படும்? ஞாபகம் தப்பிய பாட்டி, "திருட்டு முண்டை, என் வளையலை எடுத்துவிட்டாய்" என்று கத்தும்போது அவள் என்ன பதில் சொல்ல வேண்டும்? தான் பார்த்துக்கொண்ட கிழவர் செத்துப் போனால், அழ அவளுக்கு உரிமை உண்டா? எட்ட நின்று சாப்பாடு போடுகிற வீட்டில், அந்த வீட்டு எஜமானியின் மலத்தை மட்டும் கிட்ட வந்து எடுக்க வேண்டும் என்றால் அவள் மனத்தை எப்படி வைத்துக்கொள்வது? இவற்றையெல்லாம் வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து வாய்விட்டுப் பேசினால், பேசினவளுக்குப் பாரம் குறையும். கேட்டவளுக்குத் துணிவு வரும். பேசாவிட்டால், வேலைக்குப் போன மூன்றாம் மாதத்தில் அவள் ஓடிவிடுவாள். அல்லது மனம் மரத்துப் போய், நோயாளியை மூட்டையைப் போலப் புரட்டத் தொடங்கிவிடுவாள்.

குற்றம் முழுவதையும் வகுப்பு நடத்துகிறவர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வீட்டுக்கு ஆள் வைக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? "சர்ட்டிபிகேட் இருக்கிறதா? சம்பளம் எவ்வளவு குறைத்துக்கொள்வாய்?" நாம் காகிதத்தைக் கேட்கிறோம், அவர்கள் காகிதத்தைத் தயாரித்து அனுப்புகிறார்கள். அதற்குப் பதிலாக, "எங்கள் அப்பாவைக் கொஞ்சம் உட்காரவைத்து ஒரு டம்ளர் மோர் கொடுங்கள், பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்களேன். அப்பாவின் தோளை அவள் எப்படித் தொடுகிறாள், கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்கிறாளா, அவர் விழுங்கி முடிக்கும் வரை காத்திருக்கிறாளா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஊரில் நூறு வீடுகள் இப்படிக் கேட்க ஆரம்பித்தால், வகுப்புகளும் இதையே கற்றுக் கொடுக்க ஆரம்பித்துவிடும். நம்மில் பலருக்கு அந்த டம்ளர் மோர் ஒரு நாள் நம் உதட்டருகே வரப்போகிறது என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே நேயர்களே, உங்கள் ஊரில் இப்படி ஒரு பயிற்சிப் பள்ளித் திறப்பு விழா நடந்து, உங்களையும் அழைத்தால் அவசியம் போங்கள். மாலை மரியாதையை ஏற்றுக்கொள்ளுங்கள். திரையும் பெஞ்சும் பளபளப்பாக இருக்கும். அவற்றைப் பாராட்டவும் பாராட்டுங்கள். பாராட்டி முடித்த பிறகு, விழாத் தலைவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "ஐயா, கட்டில் எங்கே?"